மேப்பில் இல்லாத ஊர் மால்குடி... அதை உருவாக்கிய ஆர்.கே.நாராயண் யார்?

மால்குடி எங்க இருக்கு? சரயு ஆறு, மெம்பி மலை, மார்க்கெட் ரோடு, ஆல்பர்ட் மிஷன் பள்ளி, சின்னதா ஒரு ரயில்வே ஸ்டேஷன்னு எல்லாமே கதையில் இருக்கு. ஆனா மேப்பில் அப்படி ஒரு ஊரே கிடையாது. முழுக்க முழுக்க கற்பனை. அந்த ஊர் ஏன் இவ்வளவு நிஜமா தெரியுது? பதில், அதை எழுதியவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

புரசைவாக்கம் டூ மைசூர்

1906 அக்டோபர் 10-ம் தேதி சென்னையில் பிறந்தவர் நாராயண். இனிஷியலில் உள்ள 'ஆர்', ராசிபுரம். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். அப்பா மைசூரில் தலைமை ஆசிரியர். பிரபல கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மண் இவரது தம்பிதான்.

தலைமை ஆசிரியர் மகன் என்றாலும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஃபெயில். ஒருவழியாக 1930-ல் பி.ஏ. முடித்தார். பள்ளி ஆசிரியர் வேலை செட் ஆகவில்லை. எழுதித்தான் பிழைப்பது என முடிவெடுத்து, அதே ஆண்டு விஜயதசமி அன்று எழுத உட்கார்ந்தார். மனசுல முதலில் வந்து நின்றது ஒரு ரயில்வே ஸ்டேஷன். அதன் பெயர்தான் மால்குடி.

ஆற்றில் போயிருக்க வேண்டிய நாவல்

பள்ளிக்கூடம் என்றாலே கசக்கும் சிறுவன் சுவாமிநாதனின் கதையை லண்டன் பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. வெறுத்துப்போன நாராயண், அதைக் கல்லைக் கட்டி தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடும்படி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் போடவில்லை. எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் எடுத்த முயற்சியில் 1935-ல் வெளியானது, 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'.

ராஜம்

கோவையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜத்தைப் பார்த்ததும் காதல். ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். நாராயண் விடவில்லை, 1934-ல் திருமணம். ஆனா 1939-ல் டைபாய்டு காய்ச்சல் ராஜத்தைக் கொண்டுபோனது. கையில் சின்னஞ்சிறு மகள். நாராயண் உடைந்துபோனார், எழுத்தும் நின்றுபோனது.

மீண்டு வந்தபோது அந்த துக்கத்தையும் மால்குடிக்கே கொண்டுபோனார். 1945-ல் வந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில், மனைவியை டைபாய்டில் இழக்கும் ஆசிரியர் வேறு யாரும் இல்லை, அவரேதான். கடைசி வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சின்ன மனிதர்கள், பெரிய கதை

மால்குடியில் ஹீரோ கிடையாது. சோதிடர், தபால்காரர், பள்ளிச் சிறுவன் என நாம தினமும் பார்க்கிறவங்கதான். ஒரு கதையில், கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்பதற்காகத் துக்கச் செய்தியைத் தராமல் வைத்துக்கொள்கிறார் ஒரு தபால்காரர். அவர் செய்தது சரியா, தப்பா? நாராயண் தீர்ப்பு சொல்ல மாட்டார். முடிவு நம்ம கையில்.

'தி கைடு' நாவலுக்கு 1960-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அது 1965-ல் தேவ் ஆனந்த் நடிப்பில் படமானது. படம் ஹிட், ஆனா நாராயணுக்குப் பிடிக்கவில்லை. மால்குடியை விட்டுக் கதை எங்கெங்கோ போய்விட்டது என்பது அவரது வருத்தம். பிறகு சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடர், 1980-களில் தூர்தர்ஷன் வழியாக அந்த ஊரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அதற்கான ஷூட்டிங் நடந்தது கர்நாடகாவின் ஆகும்பேயில்.

எம்.பி. ஆனபோது கேட்டது என்ன?

1986-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். அங்கே அவர் பேசிய பேச்சுகளில் இன்றும் நினைவுகூரப்படுவது, குழந்தைகள் முதுகில் தொங்கும் புத்தக மூட்டையைப் பற்றியது. பாடச்சுமையைக் குறைக்க வழி தேடி யஷ்பால் குழு அமைக்கப்பட்டதற்கு அந்தப் பேச்சும் ஒரு தூண்டுதல்.

80 வயதைத் தாண்டியவருக்குள்ளும் அந்த சுவாமிநாதன் அப்படியேதான் இருந்திருக்கிறான். 2001 மே 13-ம் தேதி சென்னையில் காலமானார் நாராயண். புத்தக மூட்டை பிரச்னை இன்னும் தீர்ந்தபாடில்லை.