சொந்த ஊரில் தோற்ற கர்மவீரர்!



ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். அன்னைக்கு மேடை ஏறுகிற எல்லோரும் காமராசர் பள்ளிக்கூடம் திறந்ததையும் மதிய உணவு போட்டதையும் சொல்வாங்க. ஆனால் அவர் தன் சொந்த ஊரிலேயே தேர்தலில் தோற்றுப்போனார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

பிடி அரிசிப் பள்ளி

காமராசர் 1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி. சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளி, ஊரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்தப்பட்ட பள்ளி. ஆனால் குடும்பக் கஷ்டத்தால் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார்.

கடையில் இருந்தாலும் மனசு முழுக்க சுதந்திரப் போராட்டத்தில்தான்! 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். வாழ்நாளில் மொத்தம் ஏறக்குறைய 9 ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார்.

முதலமைச்சர்

1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சர் பொறுப்பு வந்தது. மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறந்தார். பள்ளி இல்லாத கிராமங்களுக்குப் புதுப் பள்ளி கொடுத்தார். பசியோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? அதனால் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர் அணைகளும் அவர் ஆட்சியில் முடிந்தவைதான்.

1963 அக்டோபர் 2-ல் கட்சி வேலைக்காகத் தானே பதவியை விட்டு விலகினார். பக்தவத்சலம் முதலமைச்சர் ஆனார். அடுத்த ஆண்டு காமராசர் அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். நேருவுக்குப் பிறகு சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பிறகு இந்திரா காந்தி பிரதமர் ஆனதில் இவர் பங்கு ரொம்பப் பெரியது.

1967 தேர்தல்

சுதந்திரம் வந்ததிலிருந்து 20 ஆண்டுகளாக இங்கே காங்கிரஸ் ஆட்சிதான். 1962 தேர்தலில் 206 இடங்களில் காங்கிரசுக்கு 139, தி.மு.க.வுக்கு 50. ஐந்தே ஆண்டில் நிலைமை தலைகீழாக மாறியது!

என்ன காரணம்? அரிசித் தட்டுப்பாடு வந்தது. விலை ஏறியது. ரேஷன் கடையில் வரிசை நீண்டது. 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். அதை அரசு அடக்கிய விதம் மக்களுக்குக் கோபத்தை உண்டாக்கியது. இந்த நேரம் பார்த்து அறிஞர் அண்ணா எதிர்க்கட்சிகளை ஒரே கூட்டணியில் சேர்த்தார்.

1967 பிப்ரவரியில் ஓட்டுப்பதிவு. மொத்தம் 234 இடங்கள். தி.மு.க. 137 இடங்களில் ஜெயித்தது. காங்கிரசுக்குக் கிடைத்தது சுமார் 50 தான். முதலமைச்சர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார்.

இதில் ஒரு கணக்கு இருக்கு, கவனிங்க! காங்கிரஸ் வாங்கிய ஓட்டு சுமார் 41 சதவீதம். தி.மு.க. வாங்கியது அதைவிடக் கொஞ்சம் கம்மி! பிறகு எப்படி ஜெயித்தார்கள்? காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க. நாலில் மூன்று பங்கு இடங்களில் மட்டும் நின்று, மீதியைக் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டது. முன்பு சிதறிப்போன எதிர் ஓட்டு இந்த முறை ஒன்றாகச் சேர்ந்தது. தேர்தலில் கூட்டணி ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து புரியுது இல்லையா?

விருதுநகரில் காமராசரை எதிர்த்து நின்றவர் சீனிவாசன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்த மாணவர் தலைவர். பிரதமர்களை உருவாக்கியவர், ஒரு இளைஞரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்! பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர், பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர், அரிசிப் பஞ்சம் வந்தபோது அவரும் தப்பவில்லை.

தோல்விக்குப் பிறகு

காமராசர் மக்களைக் குறை சொல்லவில்லை. மக்கள் தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்டார். 1967 மார்ச் 6-ல் அண்ணா முதலமைச்சராகப் பதவி ஏற்றார். ஒரு கலவரம் இல்லாமல், ஓட்டுச் சீட்டாலேயே ஆட்சி கை மாறியது.

அதோடு காமராசர் வீட்டில் முடங்கவும் இல்லை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துப் பாராளுமன்றம் போனார். 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று காலமானார். அதுவரை சென்னையில் வாடகை வீட்டில்தான் வாழ்ந்தார். 1976-ல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நண்பர்களே! நல்லது செய்தவரையும் மாற்றுகிற உரிமை மக்களுக்கு உண்டு. அந்த உரிமையை மதித்து ஒதுங்கி நிற்க ஒரு தலைவருக்குப் பெரிய மனசு வேணும். காமராசரிடம் அது இருந்தது. வகுப்புத் தலைவர் தேர்தலில் தோற்றாலே ஒரு வாரம் பேசாமல் இருக்கிறோமே, நாம கொஞ்சம் யோசிப்போமா?

வாழ்க கர்மவீரர் புகழ்!