கடல் காத்த நான்காம் குஞ்ஞாலி மரைக்காயர்

கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டத்தில், வடகரைக்கு அருகே குற்றியாடிப் புழை கடலோடு கலக்குமிடத்தில் இரிங்கல் கோட்டக்கல் என்னும் கடலோரச் சிற்றூர் உள்ளது. மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல் வேறு, இது வேறு. இங்குள்ள குஞ்ஞாலி மரைக்காயரின் பழைய இல்லம் தொல்லியல் துறையினரால் புதுப்பிக்கப்பட்டு, நினைவு அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பழங்கால வாள்களும் பீரங்கிக் குண்டுகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இந்தியக் கடற்படை எழுப்பிய நினைவுத் தூணும் அவ்வூரில் உள்ளது.

குஞ்ஞாலி என்பது கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி தம் கடற்படைத் தலைவருக்கு வழங்கிய பட்டமாகும். 1498இல் வாஸ்கோடகாமா வந்திறங்கிய பின், கடல் வாணிபம் முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவரப் போர்த்துக்கீசியர் முனைந்தனர். அவர்களை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் எதிர்த்து நின்றோர் மரைக்காயர்களே. புழை முகங்களில் மறைந்திருந்து, விரைந்து செல்லும் துடுப்புப் படகுகளால் பெருங்கப்பல்களைச் சூழ்ந்து தாக்குவது அவர்களது போர்முறை. 1538இல் நம் இராமநாதபுரம் கடற்கரையின் வேதாளையிலும் மரைக்காயர் படை போர்த்துக்கீசியரோடு மோதித் தோல்வியுற்றது. எனினும் போராட்டம் ஓயவில்லை.

இம்மரபின் நான்காமவர் முஹம்மது அலி மரைக்காயர். மாமனான மூன்றாம் குஞ்ஞாலி கட்டிய கோட்டையை 1595இல் பொறுப்பேற்று மேலும் வலுப்படுத்தினார். நாளடைவில் அவர் தம்மை இந்தியக் கடல்களின் அதிபதி என அழைத்துக்கொண்டதாகவும், மன்னரின் யானையை ஊனப்படுத்தியதாகவும் போர்த்துக்கீசிய ஏடுகள் கூறுகின்றன. மன்னருக்கும் தளபதிக்கும் இடையே விழுந்த விரிசலைப் பகைவர் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். நூறாண்டுப் பகையை மறந்து சாமூதிரி அவர்களோடு உடன்படிக்கை செய்தார்.

1599இல் நடந்த முதல் முற்றுகையைக் குஞ்ஞாலி முறியடித்தார். மறு ஆண்டு, தரையில் சாமூதிரியின் படையும் கடலில் போர்த்துக்கீசியக் கப்பல்களும் கோட்டையை வளைத்தன. உணவு குன்றியது. உயிருக்குத் தீங்கு நேராது என்னும் மன்னரின் உறுதியை நம்பி, 1600 மார்ச் 16ஆம் நாள் தலையில் கறுப்புத் துணியுடன், வாளைத் தாழ்த்தியவாறு வெளிவந்து, அதனை மன்னரிடமே ஒப்படைத்தார். அக்கணமே போர்த்துக்கீசியர் அவரைப் பற்றிச் சென்றனர். கோவாவில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். உடல் கூறாக்கப்பட்டது; தலை உப்பிடப்பட்டுக் கண்ணூரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கோட்டையும் தகர்க்கப்பட்டது.

அவரது 400ஆம் நினைவாண்டான 2000இல் இந்திய அஞ்சல் துறை சிறப்புத் தலை வெளியிட்டது. மும்பையிலுள்ள கடற்படைத் தளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பகைவரின் பீரங்கிகள் நூறாண்டுகளாகச் சாதிக்க முடியாததை, நமக்குள் எழுந்த பிணக்கு ஓராண்டில் சாதித்துவிட்டது. அங்கு செல்லும் நம் இளைஞர்கள் வீரத்தோடு இப்பாடத்தையும் நெஞ்சிலேந்தித் திரும்புவார்களாக.