பஞ்சாயத்து ஆட்சியின் தந்தை பல்வந்தராய் மேத்தா

கிராமங்கள் தம்மைத் தாமே ஆளுதல் வேண்டுமென உழைத்த மேத்தாவை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். 1900-இல் பாவநகரில் பிறந்த அப்பெருந்தகை, அந்நிய அரசின் பட்டத்தை மறுத்து விடுதலைப் போரில் ஈடுபட்டார். 1957-இல் அன்னார் தலைமையிலான குழு, கிராமம், வட்டாரம், மாவட்டம் என மூன்றடுக்கு ஆட்சியை வகுத்தது. அது 1959 அக்டோபர் 2-ஆம் நாள் இராஜஸ்தானத்து நாகௌரில் நேருவால் தொடங்கிவைக்கப்பெற்றது.

அதிகாரத்தோடு நிதியும் செல்லவேண்டுமென்பது அக்குழுவின் துணிபு. அதிகாரம் மட்டும் சென்றால், வரி தண்டும் வளமுள்ள ஊர் உயரும். வறண்ட ஊர் பின்தங்கும். மாநில நிதிக் குழுக்களுக்கு வழிசெய்த அரசியலமைப்புத் திருத்தம் 1992-இல்தான் நிறைவேறிற்று. அக்குழுக்களும் பல மாநிலங்களில் காலந்தாழ்ந்தே அமைகின்றன.

குஜராத் முதலமைச்சராய் விளங்கிய மேத்தா, 1965 செப்டம்பர் 19-இல், கட்ச் எல்லையருகே பாகிஸ்தான் போர் விமானத்தால் தம் விமானம் வீழ்த்தப்பட, உயிர் நீத்தார். வறிய ஊருக்கும் நிதி சேரும் நாளே அன்னாருக்கு நாம் செய்யும் அஞ்சலி நிறைவுறும் நாள்.