தொலைபேசி இல்லாத காலத்துத் துணைவேந்தர்: பேராசிரியர் அழகையா துரைராசா

பேராசிரியர் துரைராசா என்றதும் எங்கள் சனத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய சைக்கிள்தான். பெற்றோல் கிடைக்காத நாள்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சைக்கிள் மிதித்து வந்துபோனதைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சைக்கிளோடு மட்டும் அவரை நிறுத்திவிட்டால், அவர் சுமந்த வேலை மறைந்துபோகும்.

1934 நவம்பர் 10 அன்று வடமராட்சியின் கம்பர்மலையில் பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று மண் பொறியியலில் கலாநிதியானார். றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை, களிமண் சுமையின் கீழ் எவ்வாறு நெகிழ்கிறது என்பதை விளக்கியது. பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் 'காம் கிளே' மாதிரியின் தொடக்கம் அங்கேதான். அப்படிப்பட்டவருக்கு வெளிநாட்டில் ஒரு கதிரை கிடைப்பது கடினமாக இருந்திருக்காது. அவர் இலங்கைக்குத் திரும்பிப் பேராதனையில் பேராசிரியராகவும் பொறியியல் பீடாதிபதியாகவும் இருந்தார்.

யாழ். பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை 1988 இல் ஏற்றார். முந்திய ஆண்டு ஒக்ரோபரில்தான் இந்தியப் படையினர் வளாகத்துக்குள் தரையிறங்கிச் சண்டை நடந்திருந்தது. 1989 செப்டெம்பர் 21 அன்று உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். விரிவுரையாளர்கள் சிலர் ஊரை விட்டே போனார்கள். அறையில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரோடு எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று ஆள்கள் யோசித்த காலம் அது. ஒரு நிறுவனத்துக்குள் பேச்சே சுருங்கிப்போனால் சுற்றறிக்கை அனுப்பி அதைச் சரிசெய்ய முடியாது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை வந்தது. நாளிதழ்களே கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சாகின. பல்கலைக்கழகமோ ஒரே வளவுக்குள் இருக்கவில்லை. திருநெல்வேலியில் பிரதான வளாகம், மருதனார்மடத்தில் நுண்கலை, கைதடியில் சித்த மருத்துவம். போதாதற்கு, அதே 1990 இல் கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கப்பட்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து கைதடிக்கு ஒரு சேதி போவதென்றால் யாராவது சைக்கிளில் கொண்டுபோக வேண்டும். கிளிநொச்சிக்கு அதுவும் சரிவராது. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்ட பின் மிஞ்சியது கிளாலிக் கடலேரி. இரவில் படகில் கடக்கவேண்டும். 1993 ஜனவரி 2 அன்று கடற்படையின் தாக்குதலில் அங்கே பயணிகள் கொல்லப்பட்டார்கள். இரு கரைகளிலும் இருந்த பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு கூட்டத்துக்குப் போவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதாக இருந்தது.

சம்பளப் பணமும் அனுமதிகளும் கொழும்பிலிருந்து, மானியங்கள் ஆணைக்குழுவிலிருந்து வரவேண்டும். குடாநாட்டின் கட்டுப்பாடோ புலிகளிடம். நடுவில் நின்ற துணைவேந்தர் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்களில் தீவகத்திலிருந்தும் வலிகாமம் வடக்கிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்களும் அடக்கம். பேராசிரியருக்கும் லிகிதருக்கும் காவலாளிக்கும் வீட்டில் அதே ஜாம்போத்தல் விளக்கு, விமானம் வந்தால் அதே பதுங்குகுழி. இந்த நிலையில் தலைவர் மட்டும் வேறொரு வாழ்க்கை வாழ்ந்திருந்தால் ஆள்களைப் பிடித்து வைத்திருக்க முடியாது. சைக்கிளின் பெறுமதி எளிமை என்பதில் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். தெருவில் எவரும் அவரை மறித்துக் கதைக்கலாம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவரிடம் அது நடக்காது.

பரீட்சைகள் பிந்தின, பட்டங்கள் பிந்தின. ஆனாலும் பல்கலைக்கழகம் மூடப்படவில்லை. அந்த ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்கள்தான் பின்னர் எங்கள் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் வேலை செய்தார்கள்.

1994 யூன் 11 அன்று, அறுபது வயது நிறைவதற்கு முன்பே, துரைராசா நோயால் காலமானார். விடுதலைப் புலிகள் அவருக்கு மாமனிதர் விருதை வழங்கினார்கள். யாழ். பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் வேண்டுமென்று அவர் விரும்பியிருந்தார். போர் முடிந்த பின்னர் அது கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது.