திரும்பி வரும் செய்தி

உப்பூர் வழியாகச் செல்லும்போதெல்லாம், பாதியில் நின்றுபோன அனல்மின் திட்டம் எனக்கு நோபர்ட் வீனரை நினைவூட்டும். 1,600 மெகாவாட் நிலையம் அங்கு எழுந்திருந்தால், அதற்கொரு கட்டுப்பாட்டு அறை இருந்திருக்கும். கொதிகலனின் அழுத்தமும் குளிர்நீரின் வெப்பமும் நொடிக்கு நொடி அங்கே வந்து சேரும். ஒரு கருவி அறிவிப்பதை ஏற்று இன்னொரு கருவி தன்னைத் திருத்திக்கொள்ளும். இதற்கான கணிதத்தையும் கவலையையும் சேர்த்தே விட்டுச்சென்றவர் வீனர்.

1894-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். தந்தை லியோ, ஹார்வர்டில் மொழிப் பேராசிரியர். மகனைக் கண்டிப்புடன் தாமே பயிற்றுவித்தவர். பதினெட்டு வயதில் முனைவர் பட்டம். பிறகு வாழ்நாள் முழுதும் எம்.ஐ.டி.யில் கணிதம்.

இரண்டாம் உலகப் போரில், பறக்கும் விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்று பீரங்கிக்கு முன்கூட்டிச் சொல்லும் கருவியை ஜூலியன் பிகலோவுடன் சேர்ந்து வடிவமைத்தார். அது போர்க்களம் காணவில்லை. ஆயினும் அந்த உழைப்பிலிருந்து ஓர் உண்மை அவருக்குத் தெளிவாயிற்று: கட்டளை போவது பாதிதான், செயலின் விளைவு செய்தியாகத் திரும்பி வந்தால்தான் கட்டுப்பாடு முழுமை பெறும். 1948-ல் வெளியான ‘சைபர்நெட்டிக்ஸ்’ நூல் இந்தப் பின்னூட்டத்தை எந்திரத்துக்கும் உயிருக்கும் பொதுவாக்கியது.

அவரை நான் மதிப்பது நூலுக்காக மட்டுமன்று. போர் முடிந்தபின், ஏவுகணை ஆய்வில் இருந்த ஒரு விமான நிறுவனம் அவரது பழைய ஆய்வறிக்கையைக் கேட்டது. மறுத்துவிட்டார், மறுப்புக் கடிதத்தை 1947-ல் இதழிலும் அச்சிடச் செய்தார். 1949-லோ, எவரும் கேட்காமலேயே, மோட்டார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதருக்கு எழுதினார்: தானியங்கி ஆலைகள் வரப்போகின்றன, வேலையிழப்புக்கு இப்போதே தயாராகுங்கள் என்பது அதன் சாரம். அறிவை யாரிடம் சேர்ப்பது, யாருக்கு மறுப்பது என்பதும் அறிஞனின் பொறுப்பே என்று கருதியவர்.

1955-56-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தங்கிப் பணியாற்றினார். தானியங்கி ஆலைகள் இந்தியாவை மான்செஸ்டர் வகைத் துயரத்திலிருந்து காக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அவ்வளவு நம்பிக்கை எனக்கில்லை. 1964-ல் ஸ்டாக்ஹோமில் மறைந்தார்.

உப்பூர் நிலையத்துக்குக் கடல்நீரின் வெப்பம் எண்ணாகப் போயிருக்கும். கடலோர மீனவரின், விவசாயிகளின் சொல்லைக் கொண்டுசேர்க்க அத்தகைய கம்பி எதுவும் இல்லை. எதிர்ப்புகளுக்கு நடுவே, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021-ல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தபோது, கட்டுமானப் பணிகள் தொடங்கி ஆண்டுகள் ஆகியிருந்தன.