துண்டுச் சீட்டும் சேர் அருணாசலமும்

ஒரு நாட்டின் செல்வம் பெருகியதா என அறிய விழைவோர் ஏற்றுமதிக் கணக்கையே முதலில் நோக்குவர். கொழும்புத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் மலைபோற் குவிந்த காலத்தில், அச்செல்வத்தை விளைவித்தவன் எந்நிலையில் உள்ளான் என வினவிய பெருமக்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முன்னின்றவர்.

கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசர் கோயிலை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் மைந்தராய் 1853இல் இவர் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் பயின்று, 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். அவ்வாறு புகுந்த முதல் இலங்கையர் இவரே. பதிவாளர் நாயகமாய் அமர்ந்து காணிப் பதிவுகளைச் சீர்செய்தார். உரிமை தெளியாத நிலத்தில் உழவன் எங்ஙனம் மனமொன்றி உழைப்பான்? 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பும் இவர் மேற்பார்வையிலேயே நிகழ்ந்தது. 35 இலட்சத்துக்கு மேற்பட்டோரை எண்ணிய அதன் அறிக்கையை நூலெனச் சுவைத்துப் படிப்பாரும் உளர்.

1913இல் ஓய்வு பெற்ற பின்னரே இவர்தம் பெரும்பணி தொடங்கிற்று எனலாம். அக்காலத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கியது. சொல் நம் தமிழ்ச்சொல்லே. அதன் பொருளோ கொடிது. தொழிலாளி கங்காணிக்கும் தோட்டத்துக்கும் பட்ட கடன் அதிற் பொறிக்கப்படும். கடனைக் கொடுக்கும் துரை அவனைத் தம் தோட்டத்துக்குப் பெற்றுக்கொள்வார். கடன் மட்டும் அவன் தோளைவிட்டு இறங்காது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினால், 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறை. மலையேறி வந்த ஏழை கடனாளியாயும் குற்றவாளியாயும் ஒருங்கே ஆனான்.

1919இல் அருணாசலம் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவினார்; பெரி. சுந்தரம் செயலாளராய்த் துணைநின்றார். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராய் இவர் அமர்ந்ததும் அவ்வாண்டே. நாடு தன்னைத் தானே ஆளவேண்டும் என்றவர், கூலி பெறுவானின் விலங்கையும் அதே மூச்சில் நினைந்தார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. ஒப்பந்தம் மீறியோர்க்கான சிறைத்தண்டனையும் அக்காலத்தை ஒட்டியே ஒழிந்தது. இந்திய அரசின் நெருக்குதலும் இதற்குக் காரணமே. புகழனைத்தையும் ஒருவர்க்கே சூட்டுதல் முறையன்று. ஆயினும் விலங்கு கழன்றதனால் தோட்டங்கள் அழிந்துபடவில்லை. தேயிலை ஏற்றுமதி பின்னரும் வளர்ந்தது.

பல்கலைக்கழகம் வேண்டி 1906 முதல் இவர் உழைத்ததன் பயனாய், 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது.

1924 சனவரியில், தல யாத்திரை சென்றவிடத்து, மதுரையில் இவர் உயிர்நீத்தார். தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை வகுக்கும் சட்டம் 1927இலேயே வந்தது.