கறுப்பு வெள்ளையில் கண்ட கானகம்: மா. கிருஷ்ணன்

பொருள் சேர்த்தவரையும் பதவி வகித்தவரையும் உலகம் விரைவில் அறிந்துகொள்கிறது. கண்ணால் கண்டதைக் கண்டவாறே பதிவு செய்வதை வாழ்நாள் தொண்டாகக் கொண்டவரை அறியச் சற்றுக் காலம் ஆகிறது. அத்தகையோருள் ஒருவர் மா. கிருஷ்ணன். இந்தியக் காட்டு விலங்குகளைப் படம் பிடித்த முன்னோடிகளுள் ஒருவரான அவரது வாழ்க்கை, மலையடிவாரத்தில் வாழும் நாம் அறிய வேண்டியதொன்று.

இவர் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை, ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலைப் படைத்த அ. மாதவையா. எட்டு மக்களுள் கிருஷ்ணனே கடைக்குட்டி. குடும்பம் குடியேறிய சென்னை மயிலாப்பூர்ப் பகுதி அந்நாளில் புதர்கள் மண்டிக் கிடந்தது. நரியும் வெளிமானும் உலவிய அவ்விடமே சிறுவனின் முதற் பள்ளி. வீட்டில் கீரியும் வளர்த்தார். 1925-இல், சென்னைப் பல்கலைக்கழக செனட் சபையில் தமிழுக்காகப் பேசி அமர்ந்த மாதவையா, அங்கேயே உயிர் நீத்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியல் பேராசிரியர் பைசன் அவரை நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்கு அழைத்துச் சென்று செடி கொடிகளை இனங்காணப் பழக்கினார். பேராசிரியரின் துணைவியார் நீர்வண்ண ஓவியம் கற்பித்தார். விலங்கைப் பார்க்கும்பொழுது அது நிற்கும் புல்லையும் மரத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் வேரூன்றியிருக்க வேண்டும். நல்லாசிரியர் ஒருவர் வகுப்பறைக்கு வெளியே ஊன்றும் விதை எத்துணை தூரம் வளரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1931-இல் பட்டம் பெற்றார், சட்டமும் பயின்றார். ஆயினும் தேர்வுகளில் சிறந்து விளங்கியவர் அல்லர். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கு அலைந்த ஆண்டுகள் அவருக்கும் உண்டு. சில காலம் பத்திரிகைகளுக்கு எழுதியும் படம் வரைந்தும் காலம் தள்ளினார். 1942-இல் பெல்லாரி அருகே இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பணிகளைப் பார்த்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறா வழித் தபாலுக்காகப் புறாக்களையும் வளர்த்தார். சுற்றியிருந்த குன்றும் காடும் அவரது ஆராய்ச்சிக் கூடமாயின. 1949-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எழுத்தும் காமிராவுமே அவரது பிழைப்பு.

1950-இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். யானையும் புலியும் மட்டுமா அதில் இடம்பெற்றன? காக்கை, அணில், ஓணான், வீட்டுப் பல்லி, வேலியோரச் செடி ஆகியவையும் ஒப்ப மதிக்கப்பட்டன. ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் அப்பத்தி தொடர்ந்தது. தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் பின்னர் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக வெளிவந்தன.

அவர் எடுத்த காட்டுப் படங்கள் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. வண்ணம் இல்லாததால் யானைத் தோலின் சுருக்கமும் காட்டெருதின் திமிலும் உருவத்தாலேயே பேசுகின்றன. காமிராவோ கடையில் வாங்கியது அன்று! ஒரு நிறுவனத்தின் உடற்பகுதி, வேறொன்றின் தொலைநோக்கு லென்ஸ், இன்னும் பல உதிரிகள் ஆகியவற்றை இணைத்துத் தாமே உருவாக்கியது. அதன் பாரத்தைக் கேலி செய்து ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் சூட்டினார். 1959-இல் பெரியாற்றுக் காட்டில் அதைக் கண்ட இயற்கையியலாளர் ஈ. பி. ஜீ, அந்த ஒட்டுவேலையை வியந்து நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். அந்தப் பெரியாற்றுக் காடு, நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைமுகட்டுக்கு மறுபுறம்தான் இருக்கிறது.

1968-இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளில் அலைந்து பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்தார். அம்முடிவுகளைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக்கியது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் விடாமல் வற்புறுத்திய கருத்து ஒன்று உண்டு: அந்தந்த மண்ணுக்குரிய செடிகொடிகளை அழித்துவிட்டு அயல் மரங்களை நட்டால் நம் விலங்குகள் வாழா. அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நட்டு மகிழ்ந்தோருக்கு இது கசந்தது. அவர் வளைந்து கொடுக்கவில்லை.

1996 பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் மறைந்தார். அவரது கடைசிப் பத்தி அதே நாளில் அச்சில் வந்தது.

நண்பர்களே! செண்பகத்தோப்பில் கிளைக்குக் கிளை தாவும் நரை அணிலுக்காக 1988-இல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-இல் இம்மலைகள் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. இன்று நம்முள் பலரது சட்டைப் பையிலேயே காமிரா இருக்கிறது. அந்த அணிலைப் படம் எடுப்பது எளிது. அது கூடு கட்டிய மரத்தின் பெயரைச் சொல்வதுதான் கடினம். இராஜபாளையம் அய்யனார் கோயில் அருவிக்குச் செல்வோருள் எத்தனை பேர் வழியிலுள்ள பத்து மரங்களைப் பெயரிட்டுக் கூறுவர்? பெயர் தெரியாத மரம் வெட்டுண்டால் யார் தேடப் போகிறார்கள்?

கிருஷ்ணனிடமிருந்தது ஒட்டுப் போட்ட காமிரா. ஆனால் ஓட்டையில்லாத அறிவு. வேலைக்கு அலைந்த காலத்தும் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. கல்லூரித் தோட்டத்துச் செடி ஒன்றை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, அது தளிர்ப்பதையும் பூப்பதையும் அதை நாடி வரும் பூச்சிகளையும் குறித்து வைப்போம். அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே ஆகும்.